ஆபரேஷனுக்கு ஒரு நோட்டு, கிட்னிக்கு ஒரு நோட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட்டு நட்டு கம்பெனியில் 31 வருடம் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்தவன் நான். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பின் கார்டு தொங்கும். வரவு, செலவு, இருப்பு. "நிறைய இருக்கு சார்" என்று சொன்னால் எங்கள் மேனேஜர் நம்பமாட்டார். "கார்டைக் காட்டுய்யா" என்பார்.

2022 பிப்ரவரியில் என் மனைவிக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் மகளுக்கு லூபஸ், அதாவது எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய் என்றும், அது கிட்னியைத் தொட்டுவிட்டது என்றும் பயாப்சியில் தெரிந்தது. கொரட்டூரில் இரண்டு அறை வீட்டுக்குள் இரண்டு பேஷண்ட், இரண்டு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட்டு. மருந்தையும் அளவையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் நான் தலையிடப் போவதில்லை. வீட்டில் இருப்பவர் எதை எழுதி வைப்பது, எதற்கு ஓடுவது, எதற்கு ஓட வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நோட்டு வந்த கதை

மனைவியை ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஆபரேஷன் சக்சஸ்" என்று கேட்ட எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் ராத்திரி அவளுக்கு உடம்பு சுட்டது. "ஒண்ணுமில்லைங்க, அசதி" என்றாள். நானும் தொட்டுப் பார்த்து, லேசான காய்ச்சல்தான் என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் தையலின் கீழ்ப்பாகம் சிவந்து, நைட்டியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் கறை.

ஆட்டோ பிடித்து ஓடினோம். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். தையலில் போட்டிருந்த மூன்று உலோகப் பின்களை எடுத்து, அழுத்தி, சீழை வெளியேற்றிக்கொண்டே கேட்டார்: "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சதுங்க? எவ்வளவு இருந்தது? நாடி எண்ணினீங்களா? மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" நான் "நேத்து ராத்திரி... லேசா..." என்று இழுத்தேன். 31 வருடம் கார்டு எழுதியவன், கட்டின மனைவியின் உடம்பைப் பற்றிக் கண்ணளவில் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். அன்று திரும்பி வரும்போதே 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்களுக்கு சர்ஜன்கள் 1 முதல் 5 வரை தரம் வைத்திருக்கிறார்கள். 2004-இல் வந்த வரிசை, இப்போது உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 5 என்றால் உயிரிழப்பு. படுக்கையிலேயே பிரித்துவிட்டுச் சுத்தம் செய்கிற தையல் புண், 1-ஆம் தரம். அந்த 1-ஆம் தரத்துக்கே எங்கள் வீட்டில் 19 நாள் டிரெஸ்ஸிங், 19 நாள் தூக்கமில்லை. தரம் போடுகிறவருக்கு அது சின்ன எண்தான், தப்பில்லை.

வயிறு ஆபரேஷன்: முதல் முப்பது நாள்

ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். காலை, மாலை இரண்டு வரி. காய்ச்சல், நாடி, வலி பத்துக்கு எத்தனை, எத்தனை தடவை நடந்தாள், மலம், காற்று, என்ன சாப்பிட்டாள், தையல் எப்படி இருக்கிறது. டிரெய்ன் குழாயோடு அனுப்பியிருந்தால் பையில் சேர்ந்தது எத்தனை மில்லி, என்ன நிறம் என்பதும். இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதப் போனால் மூன்றாம் நாளே நோட்டு பரணுக்குப் போய்விடும்.

காய்ச்சலை அளந்துவிட்டு அப்புறம் மாத்திரை கொடுங்கள். மாத்திரை கொடுத்துவிட்டு அளந்தால் தெர்மாமீட்டர் பொய் சொல்லும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று நான் இருந்ததுபோல் இருக்காதீர்கள்.

நாடியை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம். குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், பெரும்பாலும் முதல் ஒரு வாரம் பத்து நாளுக்குள் தெரியவரும். பல நேரம் காய்ச்சலுக்கு முன்னாலேயே நாடி எகிறிவிடும். சும்மா படுத்திருப்பவருக்கு நாடி நூறுக்கு மேல் நிற்கிறது, வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, வலி குறைந்துகொண்டே வந்தது திடீரென்று ஏறுகிறது என்றால் 108-ஐக் கூப்பிட யோசிக்காதீர்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலும் அப்படித்தான், ரத்தம் உறைந்திருக்கலாம். வயிற்றில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை நான்கு வாரம் வரை எழுதுவார்கள். "வீட்டுக்கு வந்தாச்சே, இன்னும் எதுக்கு ஊசி" என்று நிறுத்திவிடக் கூடாது.

காற்று பிரிவதைப் பற்றி எழுதச் சொன்னேனே, சிரிக்காதீர்கள். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் வார்டில் எங்கள் குடும்பமே ஒரு குசுவுக்காகக் காத்திருந்தது. வந்ததும் என் மைத்துனி போனில் ஊருக்கே சொன்னாள். குடல் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் முழுக்கக் காற்றும் இல்லை, மலமும் இல்லை, வாந்தி வருகிறது என்றால் அது மலச்சிக்கல் என்று இசப்கோல் கரைத்துக் கொடுக்கிற சமாசாரம் இல்லை. போன் செய்யுங்கள்.

நுரையீரல் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த ஊதுகுழல் ஒன்று கொடுப்பார்கள். பேர்தான் ஊதுகுழல். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் முழுக்க என் மனைவி ஊதிக்கொண்டிருந்தாள், பந்து அசையவே இல்லை. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. அதோடு நடை. அந்தக் காலத்தில் வயிறு கிழித்தால் ஒரு வாரம் படுக்கை. 1990-களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் அதை மாற்றிக் காட்டிய பிறகு, மறுநாளே எழுப்பி உட்கார வைத்து, சீக்கிரம் குடிக்கக் கொடுத்து, நடக்க விடுகிறார்கள். பச்சை உடம்பை நடக்க விடுகிறாயே என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். எங்கள் மாமியார் போட்டார். நான் நோட்டில் நடையைக் கோடு போட்டு எண்ணினேன்: முதல் நாள் வராண்டாவில் இரண்டு, வீடு வந்த அன்று எட்டு, மாதக் கடைசியில் கொரட்டூர் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினாள்.

இருமும்போதும் தும்மும்போதும் ஒரு சின்னத் தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செக்கப்புக்குப் போகும்போதும் அந்தத் தலையணை வேண்டும். பாடி வழியாக ஆட்டோவில் போனால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அதன் அருமை தெரியும்.

அந்த ஒரு தாள்

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். முக்கியமான தாள் அதற்கு அப்புறம்தான் வரும். எடுத்த குடலை லேபில் வெட்டிப் பார்த்து எழுதும் ரிப்போர்ட். எங்களுக்கு அது பத்து நாள் கழித்து வந்தது. வந்ததை யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கவுன்டரில் போய்க் கேட்டு வாங்கினேன். நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்: கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, வெட்டிய விளிம்பில் நோய் இருக்கிறதா, எத்தனை நிணநீர் முடிச்சுகளைப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய். பெருங்குடல் என்றால் குறைந்தது 12 முடிச்சுகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பது பொது விதி. குறைவாகப் பார்த்தால் நோய் எதுவரை போயிருக்கிறது என்ற கணக்கே சந்தேகம். எங்களுக்கு 17 பார்த்தார்கள், 2-இல் இருந்தது. விளிம்பு சுத்தம். அதாவது 3-ஆம் நிலை, கீமோ வேண்டும்.

கீமோ வேண்டுமென்றால் பொதுவாக ஆபரேஷனிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டை வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த வாரங்கள்தான் கரையும். எங்களுக்குப் புண் ஆறக் காத்திருந்து ஏழாவது வாரம் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், 14 நாள் கேப்சிடபைன் மாத்திரை, 7 நாள் ஓய்வு. மொத்தம் நான்கு சுற்று. அது ஏப்ரல், மே வெயில். டிரிப்ஸ் போட்ட சில நாளைக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டைத் தொட்டால் விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பானைத் தண்ணீர்கூடத் தொண்டையைப் பிடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கை மரத்துப்போவது அடுத்த டிரிப்ஸ் வரைக்கும் போகவில்லை என்றால் அதை எழுதிக் காட்டுங்கள், அளவைக் குறைப்பார்கள். "பரவாயில்லை, தாங்கிக்கிறேன்" என்று மறைத்தால் அந்த மரப்பு வருடக்கணக்கில் தங்கிவிடலாம். என் மனைவி மூன்றாம் சுற்றில் அப்படித்தான் மறைத்தாள். பூ கட்ட முடியவில்லை என்பதைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன். கீமோ நடக்கும்போது 100.4 காய்ச்சல் என்றால் போன்கூட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

அதற்கப்புறம் நோட்டு மெலிந்துவிடும். முதல் இரண்டு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை சி.இ.ஏ. என்ற, புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, அப்புறம் ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒன்று. இடையிடையே ஸ்கேன், ஒரு வருடம் ஆனதும் கொலோனோஸ்கோப்பி. ஒரே லேபில் எடுங்கள். திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அந்த மூன்று வருடம் தாண்டிவிட்டது.

கிட்னி வேறு மாதிரி

மனைவியின் நோட்டை மகளுக்கும் அப்படியே ஓட்டலாம் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஆபரேஷன் ஆன உடம்பு வலிக்கும், சுடும், வீங்கும், ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். லூபஸ் வந்த கிட்னி ஒன்றுமே சொல்லாது. என் மகள் அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தாள். மூட்டு வலி, முடி கொட்டுகிறது என்றாள், தண்ணீர் மாற்றம் என்றோம். சிறுநீரில் நுரை நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லக் கூச்சம். காலில் ஷூ ஏறாத அன்றுதான் பரிசோதனைக்குப் போனோம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே கிட்னியின் வடிகட்டியைத் தாக்குகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பயாப்சியில் 4-ஆம் வகை. மொத்தம் ஆறு வகை, ஆனால் 6 தான் மோசம், 1 தான் லேசு என்று நேர்கோட்டில் போட்டு நீங்களே பயப்படாதீர்கள். 3-உம் 4-உம் கடுமையானவை, அதே சமயம் மருந்துக்குப் பலன் கொடுக்கக் கூடியவை.

இங்கே உடம்பை நம்ப முடியாது, தாளைத்தான் நம்ப வேண்டும். அவளுடைய நோட்டில் நாள் கணக்கு கிடையாது, ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி. தேதி, சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு), லூபஸ் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று காட்டும் சி3, சி4, டிஎஸ்-டிஎன்ஏ, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, சர்க்கரை. பக்கத்தில் அன்றைய பி.பி., எடை, மாத்திரை அளவு. கிரியாட்டினின் நார்மல் என்பதால் எல்லாம் நார்மல் என்று நினைக்காதீர்கள். புரதம் கொட்டிக்கொண்டே இருக்கும்போதும் கிரியாட்டினின் பல மாதம் நல்ல பிள்ளையாக இருக்கும்.

டாக்டரிடம் முதலிலேயே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையணும் டாக்டர்?" பொதுவாகப் பார்க்கும் கணக்கு இது. மூன்று மாதத்தில் புரதம் கால் பங்காவது குறைய வேண்டும், ஆறு மாதத்தில் பாதி, ஒரு வருடத்தில் அந்த விகிதம் 0.5 முதல் 0.7-க்குக் கீழே. ஆரம்பத்திலேயே ரொம்ப அதிகமாகக் கொட்டியவர்களுக்கு இன்னும் ஆறு மாதம் ஒரு வருடம் கூடுதலாக ஆகலாம். என் மகளுக்குத் தொடக்கம் 3.6. மூன்றாம் மாதம் 2.4, ஆறில் 1.5, ஒன்பதில் 0.9. இதைத் தெரிந்துகொண்டதால் 2.4 வந்த அன்று நாங்கள் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மருமகளுக்கும் இதே வியாதி. மூன்றாம் மாதம் நார்மல் ஆகவில்லை என்று டாக்டரை மாற்றி, மருந்தை மாற்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

780

பன்னிரண்டாம் மாதப் பரிசோதனை, 2024 மார்ச். வழக்கமான லேப் மூடியிருந்ததால் வேறு லேபில் கொடுத்தோம். ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. விகிதம்: 780. முந்தைய தடவை 0.9. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மகள் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அவள் இறங்கி வந்து போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்பா, இது மில்லிகிராம் கணக்குப்பா. ஆயிரத்தால வகுங்க." 0.78. குறைந்திருக்கிறது! போல்ட்டைக் கிலோவிலும் டஜனிலும் மாற்றி மாற்றி எழுதியே சம்பளம் வாங்கியவன் நான்.

ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் அளவையும் எழுதுங்கள். கிராமுக்குக் கிராம் என்று ஒரு லேப் கொடுக்கும், மில்லிகிராமுக்கு மில்லிகிராம் என்று இன்னொன்று கொடுக்கும், இரண்டும் ஒன்றுதான். கிரியாட்டினின் ஒரு கிராமுக்குப் புரதம் எத்தனை மில்லிகிராம் என்று கொடுத்தால் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். சிறுநீரில் பட்டையை நனைத்து ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று சொல்லும் சோதனையை வைத்து ஏற்றம் இறக்கம் பார்க்காதீர்கள், தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் அது தானாகவே ஏறும்.

சிறுநீர் பிடிப்பதிலும் முறை இருக்கிறது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், அதிலும் நடுப்பகுதி. மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். காய்ச்சல் அடிக்கிற நாளிலும், ஓடியாடி வேர்த்து வந்த நாளிலும் வேண்டாம். பிடித்ததைச் சீக்கிரம் லேபில் சேர்த்துவிடுங்கள், டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

வீட்டில் பார்க்கக் கூடியது மூன்று. பி.பி.: ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு மட்டத்தில், பேசாமல். 130-க்கு 80-ஐத் தாண்டி நின்றால் எழுதிக் காட்டுங்கள். எடை: அதே தராசு, காலையில். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோறு இல்லை, தண்ணீர். கால்: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எலும்பின்மேல் கட்டைவிரலால் ஐந்து எண்ணும்வரை அழுத்தி எடுத்தால் குழி விழக் கூடாது.

பன்னிரண்டு மாத்திரை அதிகம்

மகளுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைகோஃபினோலேட் 500 மில்லிகிராம் மாத்திரை, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. கூடவே ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின், பி.பி.க்கும் புரதத்துக்கும் சேர்த்து டெல்மிசார்ட்டன். பழக்கதோஷம், ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கார்டு போட்டு டப்பாவில் செருகி வைத்தேன். ஞாயிறு காலை ஸ்டாக் எடுப்பேன். ஒரு ஞாயிறு மைகோஃபினோலேட் இருப்பு 24 இருக்க வேண்டும், 36 இருந்தது.

செலவு குறைந்து இருப்பு கூடினால் கம்பெனியில் முதலில் கணக்குப் பிழை என்றுதான் பார்ப்போம். இரண்டு தடவை எண்ணினேன். அப்புறம் காபி கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டேன், "ஏம்மா, ராத்திரி மாத்திரை ஒத்துக்கலையா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பன்னிரண்டு நாளாக ராத்திரி ஒன்றுதான் போடுகிறாள். காலையில் வயிற்றுப்போக்கு, ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம் போக பயம். ஆபீஸ் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டரிடம் சொன்னோம், திட்டவில்லை. குடலில் போய்க் கரையும் வகைக்கு மாற்றினார், சரியாகிவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் புரதம் ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் மருந்தைக் கூட்டியிருப்பார்.

ஸ்டீராய்டு விஷயத்தில் இதைவிடக் கவனம். முகம் உப்பும், கன்னம் உருண்டையாகும். "நல்லா பூசினாப்ல ஆயிட்டியே" என்று கல்யாண வீட்டில் யாராவது சொல்வார்கள், அன்று ராத்திரி பெண் மாத்திரையைத் தூக்கிப் போடும். பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரப்பதை அதற்குள் மறந்திருக்கும், தலைசுற்றி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொன்ன படியில் ஒவ்வொன்றாகத்தான் இறங்க வேண்டும். காலையில் சாப்பிட்ட பிறகு போடுவது நல்லது, ராத்திரி போட்டால் தூக்கம் போகும். இன்னொன்று, ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். ஆகவே இவள் விஷயத்தில் 100 இருந்தாலே நான் போன் செய்துவிடுவேன்.

இருப்பு எவ்வளவுக்கு வந்தால் புதிது வாங்குவது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். சாதாரண நாளில் எனக்கு ஏழு நாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, மெடிக்கல் ஷாப் இல்லை. டப்பாவில் பதினொரு நாள் மருந்து இருந்தது.

ஒரே குக்கர், இரண்டு சாப்பாடு

ஆபரேஷன் ஆனவளுக்குப் புரதம் கூட்டச் சொன்னார்கள். கிட்னிக்காரிக்கு அளவாக, உப்பு ரொம்பக் குறைவாக. பருப்பை ஒன்றாகவே வேகவைத்து, சாம்பாரில் உப்புப் போடும் முன் மகளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துவிடுவேன். அதில் புளியும் சீரகமும் கொஞ்சம் தூக்கலாக, கடைசியில் எலுமிச்சை. நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது ஐந்து கிராம், அவ்வளவுதான் என்று கணக்கு. காலையிலேயே அவள் பங்கைச் சின்ன டப்பாவில் அளந்து வைத்துவிட்டேன், தீர்ந்தால் தீர்ந்தது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் உப்பு மூட்டைகள். மனைவிக்கு முட்டை இரண்டு, மகளுக்கு ஒன்று. முதல் மாதம் இதற்காக வீட்டில் சண்டை நடந்தது, இப்போது இல்லை.

இளநீர் கிட்னிக்கு நல்லது என்று எல்லாரும் வாங்கி வருவார்கள். டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவருக்கும் கிட்னி குறைந்தவருக்கும் பொட்டாசியம் ஏறலாம், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் கேட்டு வாங்குவதும் கூடாது. பஸ்பம், லேகியம் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் தடவியே சிறுநீரில் புரதம் கொட்டியவர்களைக் கேரளத்தில் 2023-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். லூபஸுக்கு வெயிலும் ஆகாது. மகள் குடையும் முழுக்கைச் சட்டையுமாகப் போகிறாள், தெருவில் கிண்டல் செய்தது ஒரு வாரம்தான்.

கல்யாணப் பேச்சு

26 வயதுப் பெண், ஜாதகம் கேட்டு வருவார்கள். மைகோஃபினோலேட் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, கருத்தரிக்க நினைப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே டாக்டர் அதை மாற்றிவிட வேண்டும். டெல்மிசார்ட்டனும் கர்ப்பத்தில் கூடாது. நோய் ஆறு மாதமாவது அடங்கி இருந்தால் குழந்தை பெற்றுக்கொள்ள வழி உண்டு, அதற்கேற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. இதை மறைத்துக் கல்யாணம் செய்தால் மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவாள், அப்புறம் விட்டுவிடுவாள். நாங்கள் சொல்லிவிடுகிறோம். இரண்டு இடம் விலகிப் போனது. மூன்றாவது வந்த பையனின் அம்மா நோட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "கையெழுத்து அழகா இருக்கு" என்றார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

டாக்டரிடம் போகும் நாள்

பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. நோட்டை அவர் கையில் கொடுத்தால் புரட்ட நேரம் இல்லை. முந்தின ராத்திரி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: போன தடவைக்கு அப்புறம் என்ன மாறியது, கடைசி நான்கு பரிசோதனை எண்கள் ஒரே வரியில், இப்போது சாப்பிடும் மாத்திரையும் அளவும், நம்முடைய கேள்வி இரண்டு. மூன்றாவது கேள்விக்கு நேரம் இருக்காது. "நல்லாருக்கீங்களா" என்று அவர் கேட்டதும் "நல்லாருக்கோம் டாக்டர்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அதோடு பத்தில் ஐந்து நிமிடம் போச்சு. தாளை நீட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜனைப் பார்க்கும்போதும் கேள்வி கேட்கலாம்: இந்த ஆபரேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், கசிவு எத்தனை பேருக்கு வந்தது. எங்கள் சர்ஜன் கோபப்படவில்லை, எண்ணைச் சொன்னார். நிறையச் செய்கிற இடத்தில் முடிவு நன்றாக இருக்கும் என்பது, முக்கியமாக உணவுக்குழாய், கணையம் போன்ற பெரிய ஆபரேஷன்களில், பல ஆய்வுகளில் வந்த விஷயம்தான்.

காப்பீட்டுக்கும் பயாப்சி, ஸ்கேன் தாள்கள் மறுபடி மறுபடி வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் பாலிசியானாலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை வீட்டிலேயே வையுங்கள். தடுப்பூசி எதுவானாலும் போடும் முன் மகளின் டாக்டரிடம் கேளுங்கள், உயிருள்ள கிருமி வைத்த ஊசிகள் அவளுக்கு ஆகாது.

இப்போது மகள் தன் எண்களைத் தானே எழுதுகிறாள். போன மாதம் 0.4. ஞாயிறு ஸ்டாக் மட்டும் இன்னும் என் வேலை. அடுத்த செக்கப் தேதிகளைப் பென்சிலால் எழுதுங்கள், எப்படியும் மாறும். மனைவியின் அடுத்த சி.இ.ஏ. ஆடியில் வருகிறது, அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரம் வேண்டாம் என்று இப்போதே ரப்பரை எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.